எழுபத்திரண்டு படிகள்

ஒரு மனுஷனைத் திட்டித்தான் சாகடிக்க வேண்டும் என்பதில்லை, பாராட்டியும் சாகடிக்கலாம் என்று பொத்தானுக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. திங்கட்கிழமை பதினோரு மணியிலிருந்து கண்ணில் பட்டவர்கள் எல்லாம் அவரைப் பாராட்டினார்கள். மருந்து கொடுக்கிற ஜன்னல்காரர் கையை வெளியே நீட்டிக் குலுக்கினார். வாசல் காவலாளி, பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட யாருக்கும் டீ வாங்கித் தராத மகானுபாவர், அன்றைக்கு இரண்டு டீ வாங்கி ஒன்றை இவரிடம் நீட்டினார். பொத்தானுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. பாதியை வாசல் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு, குடித்த மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டார்.

பொத்தான் என்பவர் பிரசவ ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாகத் தூங்குகிறது. பொத்தானை அழுத்தி அழுத்தி அவரே ஒரு பொத்தானாகிவிட்டார். கட்டிலோடு ஆளை ஏற்றுகிற பழைய பெரிய லிஃப்ட் அது. மடக்குக் கம்பிக் கதவு, தலைக்கு மேல் ஒரு பல்பு, மூலையில் அவர் உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் கொடுத்திருந்தார். பிரசவ வார்டு மூன்றாவது மாடியில். இந்த உலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் மேலே போய்விட்டுத்தான் கீழே வர வேண்டும் என்று கட்டடம் கட்டிய புண்ணியவான் முடிவு பண்ணியிருந்தார். அதனால் மூன்றாம் நம்பர் பொத்தானில் எண்ணே தேய்ந்துபோய், வழித்து வைத்த தட்டு மாதிரி இருக்கும்.

பொத்தான் எட்டாவது வரை படித்தவர். அதில் ஆறாவதை இரண்டு தடவை படித்ததால், மொத்தம் ஒன்பது வருஷப் படிப்பு என்று சொல்லிக்கொள்வார்.

படிப்பு எப்படியோ போகட்டும். அவரிடம் ஒரு பலகை இருந்தது. தகரப் பலகை, மேலே சணல் கயிறு, நடுவில் சிவப்பு எழுத்தில் ‘லிஃப்ட் பழுது’. நிஜமாகவே பழுதாகும் நாட்களுக்காக ஆபீஸ் கொடுத்தது. நாலு வருஷமாக அவர் அதைப் பழுதாகாத நாட்களிலும் மாட்டிக்கொண்டிருந்தார். அது ஏன் என்பதற்கு இருபது வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது அவருக்கு இந்த வேலை இன்னும் கிடைத்திருக்கவில்லை. மனைவிக்கு முதல் பிரசவம், இதே ஆஸ்பத்திரி. தேதி தாண்டிப் பத்து நாள் ஆகியும் வலி வரவில்லை. மருந்து கொடுத்து வரவைக்கலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு நாள் கையில் சொட்டு மருந்து ஓடியது. வலி வந்தது, போனது, வந்தது. குழந்தை மட்டும் அசையவில்லை. மூன்றாம் நாள் ஆபரேஷன். அந்த மூன்று நாளும் லிஃப்ட் உண்மையிலேயே பழுது. அதை வாங்கி வா, இதை வாங்கி வா என்று துரத்தத் துரத்த, முப்பது தடவையாவது அவர் மாடி ஏறியிருப்பார். ஏற வேண்டியவள் படுத்திருக்கிறாள், ஏற வேண்டாதவன் ஏறி இறங்குகிறான், கணக்கு எங்கேயோ இடிக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அவளை நாலு தடவை படி ஏறவிட்டிருந்தால் ஊசியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம் என்ற எண்ணம் அன்றைக்கு மண்டையில் ஏறி உட்கார்ந்தது. இருபது வருஷமாக வாடகை கொடுக்காமல் அங்கேயே குடியிருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கரண்ட் போனது. வலி வரவைக்கச் சேர்க்க வந்த ஒரு பெண் முக்கி முனகி மூன்று மாடியும் ஏறினாள். மூன்றே மணி நேரத்தில் பிரசவம். மறுநாள் குழந்தையோடு இறங்கும்போது, “எல்லாம் உங்க படியோட வேலைதாண்ணே” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டுக்குச் சொன்னாள். இவர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

கீழே பரிசோதனை அறையில் டாக்டரம்மா எழுதித் தருகிற சீட்டு மஞ்சள் நிறமாக இருந்தால், மேலே போனதும் வலி வரவைக்க வேண்டும் என்று அர்த்தம். தேதி தாண்டினவர்கள், பிரஷர், சர்க்கரை என்று இனிமேல் காத்திருக்க முடியாதவர்கள் எல்லாருக்கும் மஞ்சள்தான். நடைக்கூடத்தில் மஞ்சள் தெரிந்ததும் பொத்தான் பலகையை மாட்டிவிட்டு, ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்வார். லிஃப்ட் பழுதும்மா, ஆள் வரணும், நீங்க மெதுவா ஏறிடுங்க, ஏறினா நல்லதுதான், சீக்கிரம் ஆயிடும் என்பார். அவர்கள் திருப்பத்தில் மறைந்ததும் பலகை ஸ்டூலுக்கு அடியில் போய்விடும். மஞ்சள் சீட்டோடு வருகிற எல்லாருக்கும் பலகை ஏறாது; கேள்வி கேட்கிற முகம் எது, கேட்காத முகம் எது என்று அவர் மூக்குக்கே தெரியும். கேட்கிற முகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு வணக்கம் வைப்பார். குறும்பு பண்ணுகிறவனுக்கு அந்த அளவு ஜாக்கிரதை வேண்டாமா?

ஏறிப் போனவள் இரண்டு நாளில் கையில் குழந்தையோடு இறங்கினால், ஃபியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போடுவார். நாற்பத்தொரு கோடு சேர்ந்திருந்தது. ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கோடு கிடையாது. அவர்கள் சரியாக ஏறியிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் மாடி ஹெட் சிஸ்டருக்குப் பலகை விஷயம் தெரியாது. ஆனால் படி ஏறினால் சீக்கிரம் ஆகும் என்று யாரிடமோ பொத்தான் அளந்துகொண்டிருந்ததை ஒரு தடவை கேட்டுவிட்டார்.

“பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க எப்படியும் பஸ் ஏறத்தான் போறாங்க. பக்கத்துல கடலை விக்கிறவன், என் கடலையைத் தின்னதாலதான் பஸ் வந்துச்சுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருக்கு நீங்க சொல்றது.”

பிறகு பொறுமையாக விளக்கவும் செய்தார். கருப்பை வாய் மெத்தென்று ஆகித் திறக்க வேண்டும். அதற்குச் சிலருக்கு மாத்திரை, சிலருக்கு ஜெல், சிலருக்குச் சின்ன ரப்பர் பலூனை உள்ளே வைத்து உப்புத் தண்ணீர் நிரப்புவது. திறந்த பிறகு பனிக்குடத்தை உடைத்துவிடுவது, சொட்டு மருந்து ஓடவிடுவது. நிறையப் பேருக்கு ஒன்றிரண்டு நாளில் நல்லபடியாக ஆகிவிடும். சிலருக்கு எதற்கும் மசியாது, ஆபரேஷன்தான். நடப்பது நடக்கக்கூடியவர்களுக்கு நல்லது, ஆனால் வலியை வரச் சொல்லி உத்தரவு போட அதற்கு அதிகாரம் கிடையாது.

“கடலையும் வித்துத்தான் பார்ப்போமே சிஸ்டர். நஷ்டம் என்ன?” என்று பொத்தான் பல்லைக் காட்டினார்.

அந்தத் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வந்தவள் ஒல்லியான பெண். வயிறு மட்டும் தனி ஆளாக முன்னால் நடந்து வந்தது. பாதம் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. விரல்களில் காய்ந்த பசை, உரிந்தும் உரியாமலும். அட்டைப்பெட்டி ஒட்டுகிற கம்பெனியில் வேலை என்று பின்னால் தெரிந்தது. கூட வந்தவள் அவளுடைய நாத்தனார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் ஃபிளாஸ்க், இடுப்பில் துணிமூட்டை, வாயில் ஓயாத பேச்சு. அவள் பேசிய வேகத்தில் வாளி நிரம்பாதது ஆச்சரியம்.

பொத்தான் மஞ்சளைப் பார்த்தார். பலகை ஏறியது.

“லிஃப்ட்லதான் போகணும்னு சொன்னாங்க” என்றாள் அந்தப் பெண். சத்தமாகக்கூட இல்லை.

“பழுதும்மா. மெதுவா ஏறிடுங்க. நல்லதுதான்.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் காலை வைத்தாள். வா அண்ணி, நாலே எட்டுதான் என்று நாத்தனார் முன்னால் போனாள்.

ஒரு மாடிக்கு இருபத்துநாலு. மூன்றுக்கும் எழுபத்திரண்டு. பொத்தான் கீழே நின்று காதால் எண்ணுவது வழக்கம். இருபத்துநாலில் செருப்புச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. நாற்பத்தெட்டில் நெடுநேரம் நின்றது. கண்ணு முன்னாடி என்னமோ மின்னுது என்று அவள் சொன்னதும், மேலே போய் உட்கார்ந்துக்கலாம் என்று நாத்தனார் சொன்னதும் கீழே வரை கேட்டன. மறுபடி சத்தம். நாற்பத்தொன்பது, ஐம்பது. அறுபதில் ஃபிளாஸ்க் விழுந்து உருண்டது. அதற்குப் பின்னால் நாத்தனாரின் குரல் மட்டும்தான் வந்தது. அதில் வார்த்தை இல்லை.

பொத்தான் பலகையைப் பிடுங்கி எறிந்து, லிஃப்டை இரண்டாம் மாடிக்கு ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு படி தாவினார். திருப்பத்தில் அவள் கிடந்தாள். கண் செருகி, பல் கிட்டி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. இழுப்பு நின்றதும் இரண்டு பேருமாகத் தூக்கி லிஃப்டுக்குள் கிடத்தினார்கள். மூன்றாம் மாடிக்கு அரை நிமிஷம். ஹெட் சிஸ்டர் ஓடி வந்தார், கட்டில் வந்தது, ஊசி வந்தது, கதவு மூடியது.

மூடின கதவுக்கு வெளியே நாத்தனார் அழுதுகொண்டே ஊருக்கெல்லாம் சொன்னாள்: “லிஃப்ட் பழுதாகிக் கிடந்துச்சு. எங்க அண்ணி விழுந்த சத்தம் கேட்டு, இந்த அண்ணன் அஞ்சு நிமிஷத்துல அதைச் சரி பண்ணி ஓட்டிட்டு வந்தாரு. இவரு இல்லேன்னா இன்னிக்கு எங்க வீட்டுல ரெண்டு உசுரு போயிருக்கும்.”

பொத்தான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். வாய் தானாக மூடிக்கொண்டது. பொய்யை அவர் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களே சமைத்து, பரிமாறி, ஊட்டியும் விட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அறுபதாவது படியில் மஞ்சள் சீட்டு கிடந்தது. எடுத்தார். மேல் வரிகள் டாக்டர் எழுத்து, கோழி கிளறிய மாதிரி. கீழே மட்டும் காவலாளிக்கும் வண்டி தள்ளுகிறவனுக்கும் புரியட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பொத்தான் விரலை வைத்துப் படித்தார். பிரஷர் மிக அதிகம். நடக்க விட வேண்டாம். லிஃப்டில் அனுப்பவும்.

நாலு வருஷமாக அவர் சீட்டில் நிறத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்து, யாரை ஏற்றிக்கொண்டு போனாலும் மூன்றாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹெட் சிஸ்டரைத் தேடினார். வலிப்பு அடங்கிவிட்டது, பிரஷர் இறங்குகிறது என்றார் சிஸ்டர். குழந்தையை இனிமேல் உள்ளே விட்டுவைக்க முடியாது, பலூன் வைத்திருக்கிறோம் என்றார் அடுத்த தடவை. செவ்வாய்க்கிழமை காலை, பலூன் விழுந்துவிட்டது, வாய் திறந்திருக்கிறது, பனிக்குடத்தை உடைத்துச் சொட்டு மருந்து போட்டாகிவிட்டது என்றார். மத்தியானம் மூன்று மணிக்குள் பொத்தான் காரணமே இல்லாமல் ஒன்பது தடவை மேலே போய்விட்டார்.

“என்ன பொத்தான், உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல சிஸ்டர். சும்மா.” பிறகு கதவுக் கம்பியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “படி ஏறினதாலதான் வலிப்பு வந்துச்சா?”

“யாருக்குத் தெரியும்? அந்தப் பிரஷருக்குப் படுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனா ஏற வெச்சிருக்கக் கூடாது. என்ன பண்றது, லிஃப்ட் பழுதாகிறதுக்கு அந்த நேரம்தான் கிடைச்சுது.”

படிதான் காரணம் என்று சிஸ்டர் முடிவாகச் சொல்லியிருந்தால்கூடத் திட்டு வாங்கின ஆறுதல் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் நாற்பத்தொரு பேர் பெற்றதற்குப் படிதான் காரணம் என்று மார்தட்டியவருக்கு, இது ஒன்றுக்கு மட்டும் படி காரணமாக இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அந்த ஆசையைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக வந்தது.

நாலு மணிக்குப் பெண் குழந்தை. ஆபரேஷன் இல்லை. இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கதகதப்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தாய் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாளாம். பொத்தான் லிஃப்டைக் கீழே இறக்கினார். பழக்க தோஷத்தில் கை ஃபியூஸ் பெட்டிப் பக்கம் போனது. நாற்பத்திரண்டாவது கோடு. பென்சில் வரை போன கையை இழுத்துக்கொண்டு அதன் மேலேயே உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை ஹெட் சிஸ்டர் தாமாகவே அவரைக் கூப்பிட்டு, பெரிய டாக்டருக்கு அவரைப் பற்றி எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா ஊழியர்களுக்கும் முன்னால் வாசிப்பார்களாம். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். பொத்தான் சரி சிஸ்டர் என்றார். அந்தச் சரியை நினைத்து வீடு வரை தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வீட்டில் மனைவி மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் வெளிச்சம் இருந்தது. மகள் கல்லூரியிலிருந்து வரவில்லை. பொத்தான் செருப்பைக் கழற்றாமலே எல்லாவற்றையும் சொன்னார். பலகை, கோடு, மஞ்சள் சீட்டு, ஃபிளாஸ்க். மெஷின் சத்தம் எந்த இடத்தில் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.

“உனக்காகத்தான் ஆரம்பிச்சேன். நீ பட்ட பாடு வேற யாரும் படக் கூடாதுன்னு.”

அவள் ஊசியிலிருந்து நூலை உருவினாள். “எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் யாரையும் படி ஏறச் சொல்லலை. ஆபரேஷன் ஆயிடுச்சே, ஆயிடுச்சேன்னு இருபது வருஷமா நீங்கதான் புலம்பறீங்க. எனக்குத் தையல் பிரிச்ச அன்னிக்கே அது முடிஞ்சுபோச்சு. அந்த மருந்தும் கத்தியும் இல்லேன்னா இன்னிக்கு நமக்குப் பொண்ணு ஏது? ஒரு நாளாவது என்கிட்ட கேட்டீங்களா, உனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு?”

கேட்டதில்லை. பொத்தான் யோசித்துப் பார்த்தார். ஒரு நாளும் கேட்டதில்லை.

“அந்தப் பொண்ணுகிட்டயாவது போய்ச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.

வெள்ளிக்கிழமை வார்டு வாசல் வரை மூன்று தடவை போனார். முதல் தடவை அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். இவருக்குத்தான் கீழே திடீரென்று வேலை வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாத்தனார் சீட்டுகளில் கையெழுத்து வாங்கக் கீழே போயிருந்தாள். மூன்றாம் மாடியில் பொத்தான் கதவைத் திறந்தபோது, துணியில் சுற்றிய குழந்தையோடு அந்தப் பெண் தனியாக நின்றிருந்தாள். கால் வீக்கம் பாதி வடிந்திருந்தது. உள்ளே வரவில்லை.

“இன்னிக்கு ஓடுதா?” என்று கேட்டாள்.

“ஓடுதும்மா.” கதவுக் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டார். “அன்னிக்கும் ஓடுச்சு.”

“தெரியும்.”

பொத்தான் ஐந்து நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் இந்த வார்த்தைக்கு இடமே இல்லை.

“உள்ள லைட்டு எரிஞ்சுதே” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை; பெட்டிக்கு எத்தனை மடிப்பு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். “எங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா போனாங்க. தோல் பை வெச்சிருந்தாங்க, கூட அவங்க வீட்டுக்காரர். அவங்க கையிலயும் மஞ்சச் சீட்டுதான். கதவைத் திறந்து விட்டீங்க. இறங்கி வந்து எங்களைப் பார்த்ததும் பலகையை மாட்டினீங்க. வாளியும் மூட்டையுமா இருக்கோம், லிஃப்ட் அழுக்காயிடும்னு நினைக்கிறீங்கன்னு நினைச்சேன். எங்க கம்பெனியிலயும் அப்படித்தான். ஆபீஸ் ஆளுங்களுக்கு ஒரு கதவு, எங்களுக்கு ஒரு கதவு. அதான் கேட்கலை.”

“ஐயோ, அது இல்லம்மா. சத்தியமா அழுக்குன்னு நினைக்கலை. படி ஏறினா வலி தானா வரும், ஊசி மருந்து இல்லாம சீக்கிரம் ஆயிடும்னு ஒரு இது. நல்லதுக்குன்னு நினைச்சுத்தான்.”

அவள் குழந்தையைச் சுற்றியிருந்த துணியை இழுத்துச் சரி செய்தாள்.

“அப்போ அந்த அம்மாவுக்குச் சீக்கிரம் ஆக வேணாமா?”

 தோல் பைக்காரியின் வீட்டுக்காரர் கஞ்சி போட்ட சட்டை போட்டிருந்தார். பழுது என்றால் எத்தனை மணிக்குச் சரியாகும், யாரிடம் புகார் கொடுக்க வேண்டும், உன் பேர் என்ன என்று கேட்டிருப்பார். அதனால் கதவு திறந்தது. பொத்தான் நாலு வருஷத்து முகங்களை ஒவ்வொன்றாக ஞாபகத்தில் புரட்டினார். கஞ்சி போட்ட சட்டை ஒன்றுகூட இல்லை. தோல் பை ஒன்றுகூட இல்லை. எல்லாம் வாளியும் மூட்டையும்தான். குறும்புக்காரனின் ஜாக்கிரதை என்று அவர் பெருமைப்பட்டதற்கு உண்மையான பேர் வேறு. எதிர்த்துப் பேசாதவர்களாகப் பார்த்து ஏற வைத்திருக்கிறார். அழுக்கு என்று நினைத்து விரட்டியிருந்தால்கூட அது ஒரே ஒரு கேவலமாகப் போயிருக்கும்; இதில் நல்லது பண்ணுகிறோம் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது.

“சிஸ்டர்கிட்ட சொல்லுங்கம்மா, நான் பண்ணினதை. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“நான் எதுக்குச் சொல்லணும்?” முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது, குழந்தை நெளிந்ததும் இறங்கிவிட்டது. “படியும் நானே ஏறணும், இதையும் நானே சுமக்கணுமா? பண்ணது நீங்க. நீங்களே சொல்லுங்க.”

உள்ளே வந்து அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது ஆடியது. குனிந்து பார்த்து, நழுவிக் கிடந்த அட்டையைக் கால் விரலால் சரியான இடத்துக்குத் தள்ளினாள். ஆட்டம் நின்றது. பொத்தான் கீழ்த்தளத்தை அழுத்தினார். பத்தொன்பது வருஷத்தில் அந்த லிஃப்ட் அவ்வளவு மெதுவாக இறங்கியதில்லை. குழந்தை கண்ணைத் திறந்து மேலே இருந்த பல்பையே பார்த்துக்கொண்டு வந்தது.

கீழே நாத்தனார் காத்திருந்தாள். இந்த அண்ணனை எங்க வீட்டுல ஏழு தலைமுறைக்கும் மறக்க மாட்டோம் என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வா, போலாம்” என்றாள். போய்விட்டார்கள்.

பொத்தான் ஸ்டூலுக்கு அடியிலிருந்து பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுபத்திரண்டு படியும் ஏறிப் போய்ச் சொன்னால் பொருத்தமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் வாசலில் கட்டிலோடு ஒருத்தி காத்திருந்தாள். கட்டிலை ஏற்றிக்கொண்டு லிஃப்டிலேயே போனார்.

ஹெட் சிஸ்டரின் மேஜையில் பலகையை வைத்தார். அதன் மேல் கசங்கிய மஞ்சள் சீட்டை வைத்தார். சொன்னார்.   சொல்லி முடித்ததும் சிஸ்டர் கேட்டார்.

“எத்தனை பேர்?”

“நாப்பத்தொண்ணு சிஸ்டர்.” பிறகு, நிறுத்திக்கொள்ள முடியாமல், “அது நல்லபடியா பெத்து இறங்கினவங்க மட்டும். ஆபரேஷன் ஆனவங்களை நான் எண்ணலை.”

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அவங்க எத்தனை பேர்?”

“தெரியாது.”

“மேல வந்து மயக்கம் போட்டவங்க?”

“தெரியாது சிஸ்டர்.”

“நஷ்டம் என்னன்னு கேட்டீங்களே அன்னிக்கு” என்றார் சிஸ்டர். திட்டுகிற குரல் இல்லை, களைத்த குரல். மேஜை டிராயரைத் திறந்து பெரிய டாக்டருக்கு எழுதின கடிதத்தின் நகலை எடுத்து நாலாகக் கிழித்தார். வெள்ளைத் தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளி, பண்ணினதையெல்லாம் உங்கள் கையாலேயே எழுதுங்கள் என்றார். பொத்தானுக்கு அதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. ஒன்பது வருஷப் படிப்பும் அதற்கே செலவானது.

சாயங்காலம் கூட்டத்தில் பெரிய டாக்டர் வேறு ஒரு கடிதத்தை வாசித்தார். அதில் பாராட்டு இல்லை. காவலாளி வாசலில் நின்று, பொத்தான் டீ ஊற்றிய தொட்டிச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாசம் சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சலவைத் துணி வண்டி. அந்த ஒரு மாசத்தில் ஒரு சாயங்காலம் பொத்தான் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மனைவியிடம் இருபது வருஷம் தாமதமாக அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் பதில் சொல்லி முடிக்க மூன்று ஜாக்கெட் ஆனது. அதில் படிக்கட்டே வரவில்லை.

இப்போது லிஃப்டில் வேறு ஆள். ஃபியூஸ் பெட்டிக் கோடுகளைப் பார்த்துவிட்டு, எந்தக் காலத்து பாக்கிக் கணக்கோ என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். பொத்தான் அதை அழிக்கவும் சொல்லவில்லை, விளக்கவும் இல்லை. அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தளத்தில் போய் வருகிறார். பேர் மட்டும் பொத்தான் என்றே ஒட்டிக்கொண்டது.

போன வாரம் நடைக்கூடத்தில் ஒரு பெண் வந்தாள். கையில் வாளி, இன்னொரு கையில் மஞ்சள் சீட்டு. லிஃப்ட் மேலே போயிருந்தது. படிக்கட்டைப் பார்த்தாள், வண்டிக்காரரைப் பார்த்தாள்.

“லிஃப்ட் வேலை செய்யுதாண்ணே?”

“செய்யுதும்மா” என்றார் பொத்தான். “எப்பவுமே செஞ்சுது.”

அவளுக்கு அது புரியவில்லை. அவர் வாளியை வாங்கிக் கீழே வைத்தார். சீட்டைக் கேட்டு வாங்கி, கீழ் வரி வரை விரலை வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லிஃப்டைக் கூப்பிடுகிற பொத்தானை அழுத்திவிட்டு, அது இறங்கி வரும் வரை வண்டியோடு படிக்கட்டு வழியை மறித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அது பாராட்டைவிட எவ்வளவோ சுலபமாகத் தொண்டையில் இறங்கியது.